வயதை நிரூபிக்க ஆதாரையும் முகத்தையும் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இணையதளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது, இந்தியாவிலும் அதற்கான விதிகள் வந்துகொண்டிருக்கின்றன. குழந்தைகளைக் காப்பாற்றத்தானே கேட்கிறார்கள், மறைக்க ஒன்றும் இல்லாதவர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாமே, இதில் தனியுரிமை எங்கே கெடுகிறது என்பது உங்கள் கேள்வி. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக நீங்களே உங்கள் ஆதாரை ஏற்ற வேண்டி வந்தால் ஏற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அட்டையின் முழுப் படத்தை ஏற்றுவதை, வேறு வழி இருக்கும்வரை தவிருங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். அடையாளச் சரிபார்ப்பு மென்பொருள் எழுதும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அதனால் சட்டத்தைவிட அதன் பின்னால் ஓடும் இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்வேன்.

தியேட்டரை நினைத்துப் பாருங்கள். 'ஏ' சான்றிதழ் படம். வாசலில் டிக்கெட் கிழிப்பவர் முகத்தைப் பார்க்கிறார். நாற்பது வயதுக்காரரிடம் எதுவும் கேட்பதில்லை. மீசை அரும்பாத பையன் வந்தால் அட்டை கேட்கிறார், பார்க்கிறார், திருப்பிக் கொடுக்கிறார். ஐந்து நிமிடத்தில் பிறந்த தேதி அவருக்கு மறந்துவிடும். இதுவும் வயதுச் சரிபார்ப்புதான், யாருக்கும் இதில் குறை இல்லை.

இணையத்தில் இதே வேலை மூன்று விதத்தில் மாறிப்போகிறது. தளத்துக்கு உங்கள் முகம் தெரியாது, அதனால் யார் குழந்தை என்று கண்டுபிடிக்க எல்லோரையும் கேட்டாக வேண்டும். பதினைந்து வயதுக்காரரைத் தடுக்க எழுபது வயதுத் தாத்தாவும் அட்டையைக் காட்டுகிறார். அடுத்து, காட்டுவது என்பதே அங்கே நகல் கொடுப்பது. படம் ஒரு சர்வருக்குப் போகிறது, அங்கிருந்து வேறு எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றாவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. யார் என்ற விவரமும், எதைப் பார்த்தார் என்ற விவரமும் ஒரே இடத்தில் சேரும் வாய்ப்பு உண்டாகிறது. வயது என்பது ஒரு சின்ன விஷயம், ஆம் அல்லது இல்லை. அதை வாங்குவதற்காகப் பெயர், முகவரி, அட்டை எண், முகம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. குழந்தைகள் தொடர்பான கடமைகள் 2025 ஜூலை 25 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆபாசம், தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளல், உணவை ஒறுத்து உடலைக் கெடுத்துக்கொள்ளல் இவற்றைத் தூண்டும் உள்ளடக்கம் சிறுவர்களை அடையக்கூடாது என்பது நோக்கம். இந்த நோக்கத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மாலி ரஸல் என்ற பதினான்கு வயதுச் சிறுமி 2017-இல் இறந்தாள். இணையத்தில் அவள் பார்த்தவை அவள் மரணத்துக்கு ஒரு பங்கு காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு முன்னால் தனியுரிமை பற்றிப் பேசுபவர்கள் பொறுப்போடு பேச வேண்டும்.

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அமைப்பு ஆஃப்காம். "எனக்கு 18 வயது ஆகிவிட்டது" என்று பெட்டியில் டிக் அடிப்பது போதாது, மிகுந்த பலன் தரும் முறை வேண்டும் என்று அது சொன்னது. அடையாள அட்டையை முகத்தோடு ஒப்பிடுவது, முகத்தை வைத்து வயதை மதிப்பிடுவது, கடன் அட்டை, வங்கிக் கணக்கு, செல்பேசி நிறுவனத்தின் பதிவு, மின்னஞ்சல் முகவரி எங்கெல்லாம் பயன்பட்டது என்று பார்த்து ஊகிப்பது எனப் பல வழிகளை ஏற்றுக்கொண்டது. மீறினால் அபராதம் 1.8 கோடி பவுண்டு வரை, அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை, எது அதிகமோ அது.

இந்த அபராதம் நிறுவனங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று யோசியுங்கள். ஒரு சிறுவனை உள்ளே விட்டால் பெரிய தண்டனை. ஒரு பெரியவரைத் தேவையில்லாமல் நிறுத்தி அட்டை கேட்டால் தண்டனை இல்லை. அப்புறம் அவர்கள் எதைச் செய்வார்கள்? சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் கேட்பார்கள். மக்களும் தங்கள் வழியைப் பார்த்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் சில மணி நேரங்களில் பிரிட்டனிலிருந்து தன்னிடம் புதிதாகக் கணக்குத் தொடங்குவது 1,400 சதவீதத்துக்கு மேல் கூடியதாக, எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்பதை மறைக்க உதவும் புரோட்டான் விபிஎன் சேவை சொன்னது. ஒரு வீடியோ கேமில் வரும் பாத்திரத்தின் முகத்தைக் கேமராவுக்குக் காட்டி முகச் சோதனையைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். அந்தச் சட்டத்தை ரத்து செய்யக் கோரிய மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.

முகத்தை வைத்து வயதை மதிப்பிடும் முறை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் தனியுரிமைக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. நீங்கள் யார் என்று அது தேடுவதில்லை, முகத்தைப் பார்த்து இத்தனை வயது இருக்கும் என்று ஒரு எண் சொல்கிறது. நன்றாக வடிவமைத்தால் படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகத் தேவையே இல்லை. ஆனால் மதிப்பீடு என்றால் முன்னே பின்னே இருக்கும். பதினாறு வயதுக்காரி இருபது வயது போல் தெரியலாம். அதற்காக நிறுவனங்கள் ஓர் இடைவெளி வைக்கின்றன. 18 தாண்டியவர் என்று ஒப்புக்கொள்ள இயந்திரம் 25 என்று சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 18 வயதிலிருந்து 24 வயதுவரை இருக்கும் பலரும், அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லாமல், அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்படுவார்கள். அடுத்த கட்டம் அடையாள அட்டை. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம், நிஸ்ட், 2024-இல் இப்படிப்பட்ட மென்பொருள்களைச் சோதித்தது. பெண்களின் முகங்களில் பிழை ஏறக்குறைய எப்போதும் கூடுதலாக இருந்தது. ஆக, முகச் சோதனை என்று தொடங்குவது கணிசமானவர்களுக்கு அட்டையில்தான் போய் முடிகிறது, அதிலும் சிலருக்கு மற்றவர்களைவிட அதிகமாக.

இங்கேதான் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நடந்தது முக்கியமாகிறது. 2025 அக்டோபரில் அந்த நிறுவனம் ஒரு கசிவை அறிவித்தது. ஏறத்தாழ 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்றது. டிஸ்கார்டின் சொந்த சர்வரை யாரும் உடைக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்காக அது அமர்த்தியிருந்த வெளி நிறுவனம் வழியாக நுழைந்திருந்தார்கள். அந்தப் படங்கள் யாருடையவை? தன் வயதைத் தவறாகக் கணித்துவிட்டார்கள் என்று முறையிட்டவர்கள் பலர். அதாவது இயந்திரம் தவறு செய்தது, அதைத் திருத்தச் சொல்லி மனிதர்களிடம் போனார்கள், ஆதாரமாக அட்டையைப் பிடித்தபடி படம் எடுத்து அனுப்பினார்கள். முறையாக நடந்துகொண்டவர்களுக்குத்தான் இந்த இழப்பு.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் சரிபார்ப்பு மென்பொருள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் படத்தை அழிக்கும். ஆனால் சரிபார்ப்பு தோற்றுப்போனவர்கள் உதவி மையத்துக்கு எழுதுவார்கள், அந்தப் புகார்ப் பதிவில், நாங்கள் டிக்கெட் என்போம், பாஸ்போர்ட் படம் இணைப்பாக வரும். டிக்கெட் அமைப்புக்கு அழிக்கும் விதி எதுவும் இல்லை. அங்கே வேலை பார்த்த எல்லோராலும் அதைத் திறக்க முடியும். படங்கள் மாதக் கணக்கில் கிடந்தன. நாங்கள் சிலர் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு தணிக்கைக்கு முன்னால்தான் அதைச் சுத்தம் செய்தார்கள். அதனால் ஒரு நிறுவனம் "சரிபார்த்தவுடன் அழித்துவிடுவோம்" என்று சொல்லும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இயந்திரம் தோற்றால் நான் யாருக்கு அனுப்ப வேண்டும், அந்த இடத்தில் எவ்வளவு நாள் இருக்கும்?

கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். முகத்தையும் பிறந்த தேதியையும் மாற்ற முடியாது. அதுதான் இந்தக் கசிவுகளை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், எக்ஸ், ரெட்டிட் எல்லாம் இதில் வரும். அபராதம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள் உண்டு. அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கக் கூடாது, வேறு வழியும் தர வேண்டும். வயதுக்காக வாங்கியதை அந்த வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். எழுத்தில் இருப்பதே பெரிய முன்னேற்றம்.

ஆனால் சட்டத்துக்கு முன்னோட்டமாக அவர்கள் நடத்திய தொழில்நுட்பச் சோதனையின் அறிக்கை ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னது. சில சரிபார்ப்பு நிறுவனங்கள், நாளைக்கு ஒழுங்குமுறை அமைப்போ காவல்துறையோ கேட்கலாம் என்று தாங்களாகவே எண்ணி, யார் எப்போது எதற்காக வயதை நிரூபித்தார்கள் என்று பின்னோக்கித் தேடும் வசதிகளைக் கட்டிக்கொண்டிருந்தன. யாரும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்ற அச்சத்தில் சேர்த்து வைத்தார்கள். "வைக்காதே" என்று தெளிவாகச் சொல்லாத இடத்தில் எல்லா நிறுவனமும் வைத்துக்கொள்ளும். இது என் துறையில் நான் கண்ட இயல்பு.

சரி, மறைக்க ஒன்றுமில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். மறைப்பது வேறு, தனக்கென வைத்துக்கொள்வது வேறு. வீட்டில் அடி வாங்கும் பெண் உதவி தேடிப் படிக்கிறாள். தன் உடலைப் பற்றிச் சந்தேகம் உள்ள பதினேழு வயதுப் பையன் யாரிடமும் கேட்க முடியாததைத் தேடுகிறான். குடியை விட நினைப்பவர் தன்னைப் போன்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறார். இவர்கள் யாரும் குற்றம் செய்யவில்லை. வாசலில் அட்டையைக் காட்டு என்றால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். படித்ததைக்கூட யாரோ குறித்து வைக்கிறார்கள் என்ற எண்ணமே போதும். அமெரிக்காவில் இந்த வாதம் நீண்ட காலம் நின்றது. பெரியவர்களின் பேச்சுரிமையைச் சுமைப்படுத்தாமல் பெற்றோர் வடிகட்டும் மென்பொருளைப் பயன்படுத்தலாமே என்ற வகையில்தான் உச்ச நீதிமன்றம் 2004-இல் சிந்தித்தது. 2025 ஜூன் 27 அன்று, ஆபாசத் தளங்களில் வயதுச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய டெக்சஸ் சட்டத்தை அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் செல்லும் என்றது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை.

யார் என்று சொல்லாமலே வயதை மட்டும் நிரூபிக்க முடியுமா? முடியும். இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. அரசு உங்களுக்கு ஒரு டோக்கன் தருகிறது, அதில் "18 தாண்டியவர்" என்பது மட்டும் முத்திரையோடு இருக்கிறது, பெயரும் தேதியும் இல்லை. ஒரு டோக்கன் ஒரு முறைக்குத்தான். தளம் முத்திரையைச் சரிபார்க்கிறது, வேறு எதையும் அறியாது. நீங்கள் எந்தத் தளத்தில் கொடுத்தீர்கள் என்பது முத்திரை போட்டவருக்கும் தெரியாது. பிரான்சில் இதை இரட்டை அநாமதேயம் என்கிறார்கள். அங்குள்ள தரவுப் பாதுகாப்பு அமைப்பான சினில் 2022-இலேயே இதற்கு ஒரு மாதிரியைக் காட்டியது. ஆபாசத் தளங்கள் இப்படி ஒரு வழியையாவது தர வேண்டும் என்று அந்நாட்டின் ஊடக ஒழுங்குமுறை அமைப்பான ஆர்காம் 2024 அக்டோபரில் விதித்தது. ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் வயதுச் சரிபார்ப்புச் செயலிக்கான வரைவை வெளியிட்டு, டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் சோதனைக்குக் கொடுத்தது.

இந்த முறையில் இன்னொரு படி மேலே போகும் கணிதமும் உண்டு. ஒரு செய்தியை வெளியே காட்டாமல் அது உண்மை என்று மட்டும் நிறுவும் முறை அது. உங்கள் போன், பிறந்த தேதியைப் பூட்டி வைத்துக்கொண்டே, அது குறிப்பிட்ட நாளுக்கு முந்தையது என்று சரிபார்ப்பவருக்கு நிரூபித்துவிடும். இரண்டு தளங்கள் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலும் வந்தது ஒரே ஆள் என்று தெரியாது.

அதற்காக இது எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நல்ல போன் வேண்டும், அரசு ஆவணம் வேண்டும், இரண்டும் இல்லாதவர்கள் வெளியே நிற்பார்கள். டோக்கனை அண்ணன் தம்பிக்குக் கொடுப்பதைத் தடுக்க மறுபடியும் முகத்தைக் கேட்கும் ஆசை வரும். அப்புறம், வாசல் ஒன்றைக் கட்டிவிட்டால் அதை வேறு எதற்கும் பயன்படுத்தலாம். இன்று ஆபாசத்துக்குக் கேட்டது நாளை செய்திக்கும் விவாதத்துக்கும் கேட்கப்படலாம். இருந்தும், சரிபார்ப்பு வேண்டும் என்று முடிவாகிவிட்ட நாட்டில் இந்த முறையையே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அட்டையின் படத்தை வாங்குவது எளிது, மலிவு என்பதால்தான் வாங்குகிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம், ஆக 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வரும். விளம்பரத் தடை அருமையான பிரிவு. ஆனால் எவர் குழந்தை என்று தெரிந்தால்தானே அதைப் பின்பற்ற முடியும்? சட்டம் "எல்லோருடைய வயதையும் கேள்" என்று சொல்லவில்லை. நிறுவனங்கள் அங்கேதான் போய்ச் சேரும்.

பெற்றோர் தான் பெரியவர் என்று நிரூபிக்க, நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தையோ, டிஜிலாக்கர் போன்ற சேவை தரும் டோக்கனையோ பயன்படுத்தலாம் என்கின்றன விதிகள். டோக்கன் என்ற சொல் இருப்பது நல்ல செய்தி. டோக்கனைக் கொடுக்கும் இடத்துக்கு, அது எந்தத் தளத்துக்குப் போகிறது என்று தெரியக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும், பிரான்சில் சேர்த்தது போல. இன்னொரு கவலை: ஆஸ்திரேலியா "அழி" என்று சொல்லும் இடத்தில், நம் விதிகளில் தரவையும் அதோடு சேர்ந்த பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் பிரிவு ஒன்று இருக்கிறது. வயதுக்காக வாங்கியதை அதிலிருந்து விலக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சின்ன ஒத்திகையே நடந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் மாநில அரசு விதிகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஆடக் கூடாது, கணக்குத் தொடங்க ஆதார் சரிபார்ப்பும் ஓடிபியும் கட்டாயம். நிறுவனங்கள் வழக்குப் போட்டன, தனியுரிமை வாதமும் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் விதிகள் செல்லும் என்றது. கடனில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகளை ஆண்டுக் கணக்கில் படித்த மாநிலம் இது, நீதிமன்றம் பொதுநலனை முன்வைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்கள் பண விளையாட்டுக் கடையைச் சுருட்டின. அப்படியானால் ஆதார் கொடுத்துக் கணக்குத் தொடங்கியவர்களின் பதிவுகள்? மூடிய கடையின் கணக்குப் புத்தகத்துக்கு யார் பொறுப்பு? வயதுச் சரிபார்ப்பு பற்றிய எந்த விதியிலும் நான் முதலில் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலை. 2025 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா போன்ற சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. அப்படி ஒன்று வருமானால் இந்தக் கேள்விக்கான பதில் அதற்குள் இருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பல குடும்பங்களில் போன் ஒன்றுதான். அம்மா பெயரில் சிம், அப்பா பெயரில் கூகுள் கணக்கு, பார்ப்பது பிள்ளை. கணக்கின் வயதையும் பழக்கத்தையும் வைத்து ஊகிக்கும் முறைகள் எல்லாம் இங்கே தடுமாறும். தாயைக் குழந்தை என்று முடிவு செய்து, ஆதாரைக் காட்டு என்று கேட்கும். பிள்ளையைப் பெரியவர் என்று எண்ணிக் கதவைத் திறந்துவிடும்.

உங்கள் மகளின் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். வழிகள் பல தந்தால், போனிலேயே முடியும் முகச் சோதனையை முதலில் பார்ப்பேன், அதற்கடுத்து டோக்கன் முறை, அட்டைப் படம் கடைசி. ஆதார்தான் என்றால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் வழங்கும் அமைப்பான யுஐடிஏஐயின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். புதிய ஆதார் செயலியில் வேண்டிய விவரத்தை மட்டும் பகிரும் வசதியும் இருக்கிறது. முகச் சோதனை தோற்று, "அட்டையோடு படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று வந்தால் அனுப்ப மாட்டேன், அந்தக் கணக்கு இல்லாமல் இருந்துவிடுவேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அழிக்கச் சொல்லி எழுத்தில் கேட்பேன். எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் "வயதை உறுதி செய்யுங்கள்" இணைப்பைத் தொட மாட்டேன், மோசடிக்காரர்களுக்கு இது புதுச் சாக்கு. இலவச விபிஎன்னை மகள் நிறுவியிருந்தால் எடுத்துவிடச் சொல்வேன். அவள் போகும் இடமெல்லாம் அந்த விபிஎன்னை நடத்துபவரின் கண் முன்னால் நடக்கிறது. போனிலேயே இருக்கும் பெற்றோர் கட்டுப்பாட்டை அவளோடு உட்கார்ந்து, எதை ஏன் மூடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அமைப்பேன். அதற்கு யாருடைய சர்வருக்கும் எந்த அட்டையும் போக வேண்டியதில்லை.